பதினொரு படம் மிச்சம்

என் கணவர் இறந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தபோது, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுல்தான்பூர் ஏரிக்குப் பறவைகளைப் படம் எடுக்கப் போனேன். எனக்குப் பறவைகள் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "அவர் விட்ட இடத்திலேருந்து நீங்க தொடர்றேளாக்கும்" என்று எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நான் எதையும் தொடரவில்லை. ரோலை முடிக்கப் போனேன், அவ்வளவுதான்.

கேமராவுக்குள் இருந்த ரோலில் முப்பத்தாறு படம் எடுக்கலாம். அவர் இருபத்தைந்து எடுத்திருந்தார். மிச்சம் பதினொன்று. எங்களைப் போன்ற குமாஸ்தாக் குடும்பங்களில் ஒரு ரோல் போட்டால் அது மாதக்கணக்கில் கேமராவுக்குள் கிடக்கும். தீபாவளியும் பொங்கலும் ஒரே சுருளில் அக்கம்பக்கமாக இருக்கும். முடியாத ரோலைக் கழுவக் கொடுப்பது பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்குகிற மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

அந்த இருபத்தைந்தில் ஒன்றில் அவர் இருந்தார். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

படம் எடுக்கிறவர் படத்தில் இருக்க மாட்டார். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிஸ்கட் டப்பா டப்பாவாகக் கொக்கும் நாரையும் வாத்தும் சேர்ந்திருந்தன. அவர் முகம் மட்டும் இல்லை. கல்யாணப் போட்டோ ஒன்று உண்டு. அதில் மாலைக்கு மேல் ஒரு ஒல்லிப் பையன் பயந்து போய் நிற்கிறான். அந்தப் பையனோடு நான் குடித்தனம் நடத்தவில்லை. நான் குடித்தனம் நடத்தியது தொப்பையும் முன்வழுக்கையும் உள்ள ஒரு மனிதரோடு. இன்னொரு படம் ஆபீஸ் அடையாள அட்டையில் ஒட்டியது. அதில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கார் முத்திரை விழுந்து ஊதா மை அப்பியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து என் கொழுந்தன் கடுதாசி மேல் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தார். "மைனி, தலைத்திவசத்துக்குள்ள அண்ணன் படம் நல்லதா ஒண்ணு அனுப்புங்க. பெருசாக்கி மாட்டணும்" என்று எழுதுவார். நான் அனுப்புகிறேன் என்று பதில் போடுவேன். எதை அனுப்புவது என்று எழுத மாட்டேன்.

அவர் ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். நான் வேறொரு அமைச்சகத்தில் டைப்பிஸ்ட். குழந்தை இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியும் முன்னால் கிளம்பி ஏரிக்குப் போவோம். அவர் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேமராவைக் கண்ணில் வைத்திருப்பார். பிறகு, "வெளிச்சம் சரியில்ல" என்று படம் எடுக்காமலே இறக்கிவிடுவார். நான் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவேன். அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து நான் பின்னிய ஸ்வெட்டர்களை லோதி ரோட்டில் பாதிப் பேர் போட்டிருந்தார்கள்.

அவர் இறந்த வருஷம் ஜனவரியில் ஒரு நாள் நான் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் டைப் அடித்து விரல் வீங்கியிருந்தது. விடியற்காலையில் வந்து தோளைத் தட்டினார்.

"ஏளா, எந்திரி. பஸ்ஸு போயிரும்."

"நான் வரல. வாரத்துல ஒரு நாளாவது மனுஷி மாதிரி தூங்குதேன். நீங்க போயி உங்க கொக்கையும் நாரையையும் கட்டிக்கிட்டு அழுங்க."

நான் ரஜாய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சாயங்காலம் மூக்கு சிவந்து திரும்பி வந்தார். நான் இன்னும் உம்மென்று இருந்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குக் காவக்காரச் சௌகிதார்ட்ட கேமராவக் குடுத்து என்னைய ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நீ இருந்தா கேலி பண்ணுவே. அதான் நீ வராத அன்னைக்கு எடுத்துக்கிட்டேன்" என்றார். "ஆமா, பெரிய மகாராஜா" என்றேன். அவர் சிரித்தார். ஐந்து வாரம் கழித்து, ஆபீஸுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

இடையில் இருந்த ஞாயிறுகளில் ஒரே மழையும் மூடுபனியும். ஏரிக்கு அவர் கடைசியாகப் போனது என் வாயில் வசவு வாங்கிக்கொண்டு தனியாகப் போன அந்த நாள்தான்.

ஏப்ரலில் கேமராவை எடுத்துக்கொண்டு கரோல் பாகில் அவர் வழக்கமாகக் கழுவக் கொடுக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரப் பஞ்சாபிப் பெரியவர் எண் காட்டும் சின்ன வட்டத்தைப் பார்த்தார். "பெஹன்ஜி, இன்னும் பதினொன்று இருக்கிறதே. வீட்டில் ஏதாவது பூஜை, கல்யாணம் வரும். முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். நான் சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியே கழுவித் தாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் மறுத்திருக்க மாட்டார். சிக்கனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பதினொரு படம் மிச்சம் இருக்கும் வரைக்கும் அவருடைய வேலை ஏதோ பாக்கி இருப்பது போல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கோடை முழுவதும் கேமரா இரும்பு பீரோ மேல் இருந்தது. வெயிலில் ஃபிலிம் உருகிவிடுமோ என்று ஒரு நாளைக்கு நாலு தரம் தொட்டுப் பார்ப்பேன்.

கடைசியில் கொழுந்தனின் கடுதாசிதான் என்னைக் கிளப்பியது. திவசத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வீட்டிலேயே சுவரையும் ஸ்டவ்வையும் பதினொரு தடவை எடுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்கு மனசு வரவில்லை. கொக்கு நாரைக்கு என்று போட்ட ரோல். அதில் ஸ்டவ்வைப் பார்த்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்?

தௌலா குவானில் குர்காவ் பஸ் ஏறினேன். புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் அவருடைய குரங்குக் குல்லாய், காலில் சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும். என்னைப் பார்த்து பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "அகேலி?" என்று கேட்டான். தனியாகவா என்று. பன்னிரண்டு வருஷம் அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது அந்த ஒரு சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். குர்காவில் இறங்கி இன்னொரு பஸ். ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது. கடுகு வயல்கள் இருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

ஏரி வாசலில் அதே சௌகிதார், அதே பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுள்ளிகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். ஹரியானாக் கிராமத்து ஆள். வயது ஐம்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"சாப் நஹி ஆயே?"

சாப் வரவில்லையா என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. என் கணவர் இறந்த செய்தியை நான் யாருக்கும் என் வாயால் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. ஊருக்கு ஆபீஸ்காரர்கள் தந்தி அடித்தார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் சொன்னார். பால்காரனுக்குக்கூட யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் செய்தி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த ஏரிக்கு மட்டும் போகவில்லை.

"டூட்டி" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையுமா?" என்று சௌகிதார் அனுதாபத்தோடு தலையசைத்தார். "சர்க்கார் உத்தியோகம் அப்படித்தான். போன தடவை நான்தான் சாபைப் படம் பிடித்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் படம். வந்ததா?"

"இன்னும் கழுவவில்லை" என்றேன். அதுவாவது உண்மை.

உள்ளே நடந்தேன். பொய் சொன்னதற்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமாக இல்லை. அந்த ஏரியைப் பொறுத்தவரை அவர் உயிரோடு டூட்டியில் இருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பத்து மணிக்கு மேல் பனி கலைந்து தண்ணீர் தெரிந்தது. முதலில் தெரிந்தவை நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு, கறுப்பாகக் கும்பல் கும்பலாக மிதக்கும். எப்போதும் இருக்கும், எங்கேயும் ஓடாது. அதனாலேயே என் கணவர் அவற்றை ஒருநாளும் மதித்ததில்லை. நான் கரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவற்றையே எடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருட்டாகிவிட்டது. கேமரா போய்விட்டது என்று நினைத்தேன். ஃபிலிமை நகர்த்தும் நெம்பியைத் தள்ளியதும் மறுபடி வெளிச்சம் வந்தது. அவர் கனாட் பிளேஸில் யாரிடமோ வாங்கிய பழைய ரஷ்யக் கேமரா அது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை கண்ணை மூடிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது. அதைத் தொட அவர் விட்டதில்லை. நான் கேட்டதுமில்லை.

இரண்டாவது படம், பறந்துபோன ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்த கிளை. மூன்றாவது என்ன என்று எனக்கே தெரியவில்லை. பிறகு நிதானம் வந்தது. ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தன. கரண்டிவாயன்கள் ஆபீஸ் பியூன்கள் தரையைத் துடைப்பது போல அலகை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டு போயின. எல்லாவற்றின் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் கற்றுக்கொள்ளவில்லை. காதில் விழுந்து விழுந்து தங்கியிருக்கிறது.

கண்காணிப்பு மேடைக்குப் பக்கத்தில், கீக்கர் என்ற கருவேல மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ப்பொடி தடவிய நாலு இட்லி. குளிரில் விறைத்துப் போயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வடக்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்தால் வரித்தலை வாத்துகள். நூறு இருக்கும். தலையில் இரண்டு கறுப்புக் கோட்டோடு, பெரிய பெரிய உடம்போடு, வரிசை கலையாமல் வந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின.

"ஏங்க, அங்க பாருங்க" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்துப் புதரிலிருந்து ஒரு கீரிப்பிள்ளை ஓடியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆபீஸில் இந்தி, இங்கிலீஷ். லோதி ரோட்டில் தமிழ்க் குடும்பங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரியவர்கள் என்னைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள், "ஆன்டி, மம்மி கர் மே நஹி ஹை" என்று, அம்மா வீட்டில் இல்லை என்பதை இந்தியில் சொல்லிக் கதவைச் சாத்தின. என் ஊர்ப் பேச்சைப் பேச எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரோடு சண்டை போடத்தான் அதை அதிகமாகப் பயன்படுத்தினேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே மிச்ச இட்லியையும் சாப்பிட்டேன். பசி எடுத்திருந்தது.

மூன்று மணிக்கு எண் வட்டத்தில் முப்பத்தாறு வந்தது. முடித்துவிட்டேன். அப்போதே சுருளைத் திருப்பி டப்பாவுக்குள் சுற்றிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் முப்பத்தாறு படம் என்றால் முப்பத்தெட்டு. ரோலின் நுனியில் கொஞ்சம் கூடுதலாக ஃபிலிம் இருக்கும். கெட்டிக்காரர்கள் அதிலும் இரண்டு படம் எடுத்துவிடுவார்கள். முப்பத்தெட்டு எடுத்த அன்றைக்கெல்லாம் அவர் வீட்டுக்குள் நுழையும் தோரணையே வேறு. "இன்னைக்கும் ரெண்டு தேத்திட்டோம்லா" என்பார். நான் கேலி செய்வேன், ஆனால் எனக்கும் பெருமைதான். அவர் ரோலில் நான் முப்பத்தாறோடு நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?

முப்பத்தேழு கொஞ்சம் முரண்டு பண்ணி வந்தது. அந்த நேரத்தில் எதிர்க்கரையில், கோரைக்குள்ளிருந்து சாரஸ் கொக்கு ஜோடி ஒன்று வெளியே வந்தது. ஆள் உயரம். சிவப்புத் தலை. இரண்டும் ஒரே அடியாக எடுத்து வைத்து நடந்தன. அவற்றைத்தான் அவர் ஒவ்வொரு குளிர்காலமும் தேடுவார். நெம்பியைத் தள்ளினேன். நகரவில்லை. பெருவிரலை வைத்து மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். உள்ளே எங்கேயோ சரக் என்றது. பிறகு நெம்பி வெண்ணெயில் கத்தி போனது போலப் போயிற்று. முப்பத்தெட்டு எடுத்தேன். சந்தேகத்தோடு மறுபடி தள்ளினேன். அதுவும் போயிற்று. முப்பத்தொன்பது. நாற்பது. அவரே நாற்பதைத் தொட்டதில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொன்று எடுத்தபோதுதான் கையை நிறுத்தினேன். நாற்பத்தொன்று இருக்க முடியாது.

சுருளைத் திருப்பும் குமிழைச் சுற்றிப் பார்த்தேன். அவர் சுற்றும்போது ஃபிலிம் கரகரவென்று உள்ளே போவது கேட்கும். இப்போது சத்தமே இல்லை. குமிழ் காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்த்தால் தேவலை என்று நினைத்து, முதுகுப்பக்கத்து மூடியின் கொக்கியில் நகத்தை வைத்தேன்.

"மேடம்! மத் கோலியே! திறக்காதீங்க!"

ஒரு சர்தார்ஜி, அறுபது வயது இருக்கும், கழுத்தில் பைனாகுலர் ஆட, மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். முழங்கால் வரை நீண்ட ராணுவ ஓவர்கோட் போட்டிருந்தார். காலையிலிருந்தே அவரைத் தூரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தனியாக வந்த பெண்பிள்ளை என்று வேண்டுமென்றே விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுச் சௌகிதாரும் வந்துவிட்டார்.

சர்தார்ஜி கேமராவை வாங்கிக் குமிழைச் சுற்றிப் பார்த்தார். ரோலின் கடைசி நுனி டப்பாவிலிருந்து பிய்ந்துவிட்டது, முழு ஃபிலிமும் கேமராவுக்குள் நிர்வாணமாகக் கிடக்கிறது, வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் எல்லாம் போய்விடும் என்றார். ஸ்டுடியோ வரைக்கும் இப்படியே கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். இந்தப் பழைய கேமராவின் மூடி லொடலொடக்கிறது, பஸ் குலுக்கலில் திறந்துகொண்டாலும் திறந்துகொள்ளும் என்றார். இங்கேயே இருட்டு உண்டாக்கி எடுத்துவிடலாம், ஆனால் கொஞ்சம் வெளிச்சம் கசியும் அபாயம் உண்டு என்றும் சொன்னார்.

"உள்ளே என்ன இருக்கிறது, மேடம்? பறவைகள்தானே? கவலையை விடுங்கள். அவை அடுத்த வாரமும் வரும்."

நான் வாயைத் திறந்தேன். சௌகிதார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சொல்லாமல் முடியாது. சொன்னால்தான் அந்தக் கை ஜாக்கிரதையாக இருக்கும்.

"இஸ்மே மேரே பதி ஹைம்" என்றேன். இதற்குள் என் கணவர் இருக்கிறார். பிறகு, "வோ நஹி ரஹே."

அவர் இல்லை, அவர் போய்விட்டார் என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. என் இந்தி அலுவலக இந்தி. அதில் சொன்னபோது வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது.

சர்தார்ஜி ஓவர்கோட்டைக் கழற்றினார். அந்தக் குளிரில் உள்ளே ஒரு மெல்லிய சட்டையும் கையில்லாத ஸ்வெட்டரும்தான். கோட்டின் பொத்தான்களைப் போட்டு, இரண்டாக மடித்துப் பெஞ்சின் மேல் விரித்து, கேமராவையும் மூடி உள்ள ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பியையும் உள்ளே வைத்தார். பிறகு கோட்டுக் கையின் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து தன் கைகளை உள்ளே விட்டார். சௌகிதார் தன் கம்பளியை உருவி, எதுவும் கேட்காமல், கோட்டின் மேல் போர்த்தி ஓரங்களைச் சொருகினார். பிறகு வெயில் வரும் பக்கத்தில் போய் மறைத்து நின்றுகொண்டார்.

"மேடம், என் மணிக்கட்டில் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். விடாதீர்கள்."

பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் மணிக்கட்டுகளை. துணிக்குக் கீழே நரம்பு அசைவது தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வருஷமாக நான் இன்னொரு மனிதரைத் தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு விரலாலேயே தேடினார். கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், என் கண்ணிலிருந்து வெளிச்சம் போய்விடும் என்பது போல. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். டப்பி மூடும் சத்தம் டப் என்று கேட்டது.

"ஹோ கயா" என்றார். முடிந்துவிட்டது. பற்கள் கிடுகிடுத்தன.

டப்பியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். நன்றி சொல்லத் தெரியாமல் அவர் கோட்டைத் தட்டித் தட்டிக் கொடுத்தேன். வாசலில் சௌகிதார் என்னை உட்கார வைத்து, தன் அலுமினியக் கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஏன் டூட்டி என்று சொன்னாய் என்று கேட்கவில்லை. டீ முடிகிற சமயத்தில், "நன்றாகப் பார்த்துத்தான் எடுத்தேன். சாப் சரியாக நடுவில் இருந்தார்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது பஞ்சாபிப் பெரியவர் என் முகத்தைப் பார்க்காமல் கவரை எடுத்து வைத்தார். நான் எடுத்தவற்றில் பாதி மங்கல், மீதி கோணல். நாமக்கோழி மட்டும் தெளிவாக வந்திருந்தது. அவர் எடுத்தவை எல்லாம் தப்பித்திருந்தன. ஓரத்தில் கொஞ்சம் புகை படிந்த மாதிரி, அவ்வளவுதான். பெரியவர் ஒரு பிரிண்டைத் தனியாக எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

சௌகிதார் சொன்னது சரி. சாப் சரியாக நடுவில்தான் இருந்தார். கல் பெஞ்சில், கேன்வாஸ் ஷூவிலிருந்து கழுத்து வரைக்கும். கழுத்துக்கு மேல் படம் முடிந்துவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பெரியவர் பயந்துபோய் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அதில் உட்கார்ந்த பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தொப்பைக்கு மேல் இழுபட்டு நிற்கும் ஸ்வெட்டர். முழங்காலில் கவிழ்த்து வைத்த இரண்டு கைகள், கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கி. அவர் அப்படித்தான் உட்காருவார். முகத்தை நான் மறக்கவே இல்லை. கை மறந்து போயிருந்தது. இது இவர்தான், வேறு யாருமில்லை என்று எந்த முத்திரையும் குத்தாமலே சொல்லலாம்.

பிறகு பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம் இருந்ததைப் பார்த்தேன். எங்கள் ஃபிளாஸ்க். அதன் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள். இரண்டு.

அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. காபி போட்டுக்கொண்டு போனது அவர். நான் வரவில்லை என்று கத்திய பிறகு, அடுக்களையில் நின்று, அவர் இரண்டு டம்ளரை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார்.

கொழுந்தனுக்குக் கல்யாணப் போட்டோவைத்தான் அனுப்பினேன். ஊரில் அந்த ஒல்லிப் பையன் மாலையோடு தொங்குகிறான். தலையில்லாத படம் என் பீரோக் கதவின் உட்பக்கம் இருக்கிறது. புடவை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். இரண்டாவது டம்ளர் சௌகிதாருக்காக இருக்கலாம். என் கணவருக்குத் தனியாகக் காபி குடிக்கத் தெரியாது, யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக எடுத்து வைத்ததாகவும் இருக்கலாம். இல்லையென்றால், பஸ் கிளம்புவதற்குள் இவள் எப்படியும் கோபம் ஆறி ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். பஸ் ஸ்டாப்பில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார்.

அதற்கப்புறம் நான்கு குளிர்காலம் ஏரிக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சௌகிதாரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அன்றைக்குச் சாப் உனக்குக் காபி கொடுத்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை.